கையிருப்பும் கணக்கும்

குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திற்கு அண்மையில், தென்னையும் இரப்பரும் செழித்த மேட்டு நிலங்களுக்கிடையே சிதறால் என்னும் சிற்றூர் உளது. அதனை அடுத்து ஓங்கி நிற்கும் பாறைக்குன்றைப் பண்டைக்காலத்தார் திருச்சாரணத்துமலை என்று வழங்கினர். சமண முனிவர் தங்கி நோன்பு நோற்ற இடம் அது. பாறையின் நெற்றியில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அவ்விடம் பகவதி கோயிலாகவும் விளங்கலாயிற்று.

அக்குன்றில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, ஆய் நாட்டு மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அரிட்டநேமி படாரர் என்னும் ஆசிரியரின் மாணாக்கியாகிய குணந்தாங்கி குறத்தியார், அம்மலையில் எழுந்தருளிய அம்மைக்குப் பொன்னணி வழங்கிய செய்தியை அது கூறுகின்றது. வழங்கியவர் யார், அவர் யாருடைய மாணாக்கி, வழங்கிய பொருள் யாது, எந்த ஆண்டில் வழங்கினார் என்பனவெல்லாம் அக்கல்லில் உள்ளன. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அக்குறிப்பைப் படிப்போர்க்கு ஐயம் எழுவதில்லை.

இவ்வாறு இருப்பைத் தெளிவாக எழுதிவைக்கும் வழக்கம் தமிழகமெங்கும் நிலவியது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் வழங்கிய பொன்கலங்கள் ஆடவல்லான் என்னும் நிறைகல்லாலும், மணியணிகள் தட்சிணமேரு விடங்கன் என்னும் நிறைகல்லாலும் நிறுக்கப்பட்டன. பொருளின் நிறையோடு நிறைகல்லின் பெயரையும் கல்லில் வெட்டினர். எவ்வளவு என்பதோடு எந்த அளவையால் என்பதையும் கூறினால்தான் கணக்கு நிறைவுறும் என்பதை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

கோயிற் பண்டாரத்திற்கு வேண்டியிருந்த இந்தத் தெளிவு இன்று தொழிற்சாலைக்கும் வேண்டியதாகின்றது. கல்வெட்டின் இடத்தில் இப்போது கணினி அமர்ந்துள்ளது. ஒரு தொழிற்சாலையில் ஏற்கெனவே உள்ள சரக்கையும், நடைபெற்று வரும் வேலையையும் கணினியில் முதன்முதலாகப் பதிவு செய்யும் முறையை ஈண்டுக் காண்போம். சிதறாலைச் சூழ்ந்த பகுதிக்கு உரிய தொழில் ஒன்றையே அதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் முந்திரி ஆலைகள் மிகுதி. முந்திரி மரம் பிரேசில் நாட்டுக்கு உரியது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக நம் நாட்டிற்கு வந்தது. அம்மரத்தை இப்பகுதி மக்கள் கொல்லாமா என்பர்; கொட்டையை அண்டி என்பர்; ஆலையை ‘அண்டி ஆபீசு’ என்றே வழங்குவர். விடியற்காலையில் தூக்குப் பாத்திரத்துடன் சாலையோரம் விரைந்து செல்லும் பெண்கள் பலர் அங்குப் பணி செய்வோரே ஆவர்.

ஆலைக்கு வேண்டிய கொட்டை முழுவதும் உள்நாட்டில் விளைவதில்லை. பெரும்பகுதி ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருகின்றது. அறுவடை ஆண்டில் சில மாதங்களே நிகழும். ஆதலால் அப்போதே வாங்கி, உலர்த்தி, மூட்டையாகக் கட்டிப் பல மாதங்களுக்கு இருப்பு வைக்க வேண்டும். பின்னர், கொட்டையை ஆவியில் அவிப்பர் அல்லது வறுப்பர். ஓட்டை உடைத்துப் பருப்பை எடுப்பர். உடைக்கும் இவ்வேலையைத் தல்லுதல் என்பது வட்டார வழக்கு. எடுத்த பருப்பைப் போர்மா என்னும் வெப்ப அறையில் உலர்த்தி, மேல்தோலை நீக்கி, தரம் பிரித்து, டின்களிலோ காற்று நீக்கிய உறைகளிலோ அடைப்பர். உடையாத வெண்பருப்பின் தரத்தை ஒரு பவுண்டு எடையில் எத்தனை பருப்பு நிற்கும் என்பதைக் கொண்டு குறிப்பர். 320 என்னும் தரத்தில் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்புகள் இருக்கும்.

இத்தகைய ஆலையை நடத்துவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாக்கள் சில உள. எதனை, எவ்வளவு, எந்த நாளுக்குள் ஆக்கித் தர வேண்டும்? அதற்கு என்னென்ன பொருள்கள் தேவை? அவற்றுள் கையில் இருப்பன எவை? இல்லாதவற்றை எப்போது வரவழைக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை கணக்கிட்டுத் தருவதே உற்பத்தித் திட்டமிடல் மென்பொருளின் பணியாகும்.

இம்முறைக்கு உருவம் கொடுத்தவருள் முதன்மையானவர் யோசப்பு ஆர்லிக்கி என்னும் அமெரிக்க அறிஞர். 1964 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் என்னும் கருவித் தொழிற்சாலை இம்முறையைக் கணினியின் துணையால் கைக்கொண்டது. 1975 ஆம் ஆண்டில் ஆர்லிக்கி இதனை விளக்கி நூல் ஒன்றும் வெளியிட்டார். அதற்கு முன்பு, கிடங்கில் ஒரு பொருள் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்ததும் மீண்டும் வாங்குவதே பெருவழக்காக இருந்தது. ஆர்லிக்கி அதில் ஒரு வேறுபாட்டைச் சுட்டினார். மக்கள் எத்தனை டின் பருப்பு வாங்குவர் என்பதை ஊகிக்கத்தான் வேண்டும். ஆனால், நூறு டின் ஆக்குவது என்று துணிந்த பிறகு, அதற்கு எத்தனை மூட்டைக் கொட்டை வேண்டும், எத்தனை வெறும் டின் வேண்டும் என்பவற்றை ஊகிக்க வேண்டுவதில்லை, கணக்கிட்டே அறியலாம்.

அக்கணக்கின் போக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் ஆலைக்கு 320 தரப் பருப்பு 100 டின் வேண்டுமென்று ஒரு வணிகர் எழுதியிருப்பதாகக் கொள்வோம். ஒரு டின்னில் 25 பவுண்டு, அதாவது 11.34 கிலோ, பருப்பு அடைக்கப்படும். முடிந்த சரக்காக 20 டின் ஏற்கெனவே கிடங்கில் உள்ளது. எஞ்சிய 80 டின்னுக்கு 2,000 பவுண்டு பருப்பு தேவை. 80 கிலோ மூட்டை ஒன்றிலிருந்து அவ்வாலையில் 48 பவுண்டு பருப்பு கிடைக்கின்றது என்றும், அதில் மூன்றில் ஒரு பங்கே 320 தரத்தில் தேறும் என்றும் வைத்துக்கொண்டால், மூட்டைக்கு 16 பவுண்டு ஆகின்றது. 2,000 பவுண்டுக்கு 125 மூட்டை தேவை. இருப்பேட்டில் 140 மூட்டை என்று எழுதியிருக்கின்றது. ஆகவே, புதிதாகக் கொட்டை வாங்க வேண்டுவதில்லை என்று கணினி கூறிவிடும்.

கூட்டலிலும் பெருக்கலிலும் பிழை யாதும் இல்லை. ஆயினும், கிடங்கைத் திறந்து பார்க்கும்போது 95 மூட்டையே இருக்கின்றது. முன்னைய வேலை ஒன்றுக்காக 30 மூட்டை எடுக்கப்பட்டது. அதனை ஏட்டில் கழிக்க மறந்துவிட்டனர். மழைநீர் பட்டுப் பூசணம் பிடித்த 15 மூட்டை ஒருபுறம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது. அதுவும் ஏட்டில் நல்ல கொட்டையாகவே நிற்கின்றது. ஆக, வேலைக்கு 30 மூட்டை குறைகின்றது. குறை தெரியவந்த நாளில் வெளிநாட்டுக் கொட்டைக்கு எழுதினால் அது வந்து சேர வாரங்கள் பல ஆகும்.

இதனால் விளையும் துன்பம் யாரைச் சாரும்? வணிகர்க்குக் கொடுத்த வாக்குப் பொய்யாகி, ஆலையின் நற்பெயர் குன்றும். முதலாளிக்குப் பொருளிழப்பு உண்டாகும். ஆனால், முதலில் வருந்துவோர் தொழிலாளரே. தல்லுவோரும் தோல் நீக்குவோரும் பெரும்பாலும் செய்து முடித்த பருப்பின் எடைக்கேற்பக் கூலி பெறுவோர். பொழுது விடியுமுன் எழுந்து, சோறு வடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு வந்த பெண்ணிடம், ‘இன்று கொட்டை இல்லை, வீட்டிற்குச் செல்க’ என்று சொன்னால், அன்றைய கூலி அவளுக்கு இல்லை. ஏட்டில் கழிக்க மறந்த ஒரு வரி ஓர் ஏழையின் உலையை ஆற்றிவிடும் வன்மை உடையது என்பதை இதனால் உணரலாம்.

கணினி தனக்குக் கூறப்பட்டதை நம்பும். கிடங்கை எட்டிப் பார்க்க அதனால் இயலாது. ஆகவே, பழைய ஏட்டில் கண்ட எண்களை அப்படியே கணினிக்கு மாற்றுவது பழைய பிழைகளையெல்லாம் புதுமனைக்குக் குடியேற்றுவதை ஒக்கும். கிடங்கைத் திறந்து, கண்ணால் கண்டு, கையால் தொட்டு எண்ணிய பின்னரே தொடக்க இருப்பை எழுத வேண்டும். அப்பணியைச் செய்யும் முறை வருமாறு:

முதற்கண் செய்ய வேண்டுவது பெயர் ஒழுங்கு. ஒரே பொருளைக் காப்பாளர் ‘அண்டி’ என்றும், எழுத்தர் ‘முந்திரிக்கொட்டை’ என்றும், வாங்குவோர் ‘பச்சைக்கொட்டை’ என்றும் எழுதினால், மனிதர் மூவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வர். கணினியோ அதனை மூன்று பொருளாகக் கொள்ளும். இனி, வெவ்வேறு நாட்டுக் கொட்டைகளை ஒரே பெயரால் எழுதினால், பருப்பு மிகுதியாகத் தேறுவதும் குறைவாகத் தேறுவதும் ஒன்றாகிவிடும். ஆதலின், வேறுபடுத்த வேண்டியவற்றை வேறுபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு குறியெண்ணும் இட வேண்டும். பயன்பாடு ஒழிந்த பொருள்களின் பெயர்களை இப்போதே நீக்கிவிடுவது நன்று.

அடுத்தது அளவை ஒழுங்கு. முந்திரித் தொழிலில் மூட்டை, கிலோ, பவுண்டு, டின் எனப் பல அளவைகள் ஒருங்கே வழங்குகின்றன. எந்தப் பொருளை எந்த அளவையால் எண்ணுவது, ஓர் அளவையை மற்றொன்றாக மாற்றும் வீதம் யாது என்பவற்றை முன்னரே வரையறுக்க வேண்டும். ஈரக் கொட்டை உலர உலர எடை குறையும். வந்த நாளில் 80 கிலோ நின்ற மூட்டை சில மாதங்களுக்குப் பின் அவ்வாறே நிற்கும் என்று கொள்வது தவறு. மூட்டைகளை எண்ணுவதோடு அமையாமல், சிலவற்றைத் தராசில் ஏற்றியும் பார்க்க வேண்டும். நிறைகல்லின் பெயரையும் கல்லில் வெட்டிய முன்னோரின் நுட்பம் இங்கு நினைவுகூரத் தக்கது.

மூன்றாவது நாள் குறித்தல். கணக்கு மாறும் நாள் ஒன்றைத் திட்டமாக வரையறுக்க வேண்டும். நம் நாட்டில் நிதியாண்டு மார்ச்சுத் திங்கள் 31 ஆம் நாளோடு முடிவதால், ஏப்ரல் முதல் நாளைப் பலர் விரும்புவர். 2017 ஆம் ஆண்டு சூலை முதல் நாளில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, கையிருப்புச் சரக்கின்மீது முன்பு செலுத்திய வரிக்கு ஈடு கோரிய வணிகர், அந்நாளில் தம்மிடம் இருந்த சரக்கைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. எந்த நாளில் எண்ணியது என்று கூற இயலாத இருப்பினால் பயனில்லை என்பதற்கு அது தக்க சான்று. எண்ணும் பொழுதில் சரக்கை உள்ளே கொணர்வதையும் வெளியே எடுப்பதையும் நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்த இயலாவிடில், ஒவ்வோர் அசைவையும் தனியே எழுதிக்கொள்ள வேண்டும்.

நான்காவது எண்ணும் பணி. இதனை இருவர் தனித்தனியே செய்தல் சிறப்பு. ஏட்டில் எத்தனை உள்ளது என்பதை எண்ணுவோர் முன்கூட்டி அறியாமலிருத்தல் நலம். 140 என்று அறிந்தவன் கண்ணுக்கு 137 கூட 140 ஆகத் தோன்றுவது மனித இயல்பு. எண்ணி முடித்த அடுக்கின்மீது சீட்டு ஒன்றை ஒட்டிவிட்டால் இருமுறை எண்ணும் பிழை நேராது. இருவர் எண்ணிக்கையும் மாறுபட்டால் மூன்றாம் முறை எண்ண வேண்டும். கெட்ட சரக்கை நல்லதோடு சேர்க்காமல் தனியே எழுத வேண்டும். பிறர்க்காகக் கூலிக்கு உடைத்துத் தரும் ஆலைகளும் உண்டு; அங்குக் கிடக்கும் பிறர் கொட்டையைத் தம் இருப்பில் சேர்த்தல் ஆகாது.

ஐந்தாவது பகுதியே யாவற்றினும் கடினமானது. கிடங்கில் இருப்பதை எண்ணுவது எளிது. வேலையில் இருப்பதை எண்ணுவது அரிது. தல்லிய பருப்பு ஒருபுறம், போர்மாவில் உலரும் பருப்பு ஒருபுறம், தோல் நீங்கித் தரம் பிரிபடாமல் குவிந்த பருப்பு ஒருபுறம் என ஆலை முழுவதும் பாதி முடிந்த சரக்கு பரவிக் கிடக்கும். இதனை மீண்டும் கொட்டையாக எழுதுதல் பிழை. முடிந்த பருப்பாக எழுதுதலும் பிழை. எழுதாது விடுதல் பெரும்பிழை. ஒவ்வொரு நிலையிலும் நிற்கும் பருப்பை நிறுத்து, அது எந்த நிலையில் உள்ளது, எவர் கேட்ட வேலைக்கு உரியது, இனி எந்தெந்த வேலை எஞ்சியுள்ளது என்று குறிக்க வேண்டும். இத்தொல்லையைக் குறைக்க ஒரு வழி உண்டு. மாறும் நாளுக்குச் சில நாள் முன்னரே புதிய மூட்டைகளை வேலைக்கு எடுப்பதைக் குறைத்து, தொடங்கிய வேலையை இயன்றவரை முடித்துவிட்டால், எண்ண வேண்டியது சுருங்கும். ஆனால், கூலி வேலைக்கு வருவோர்க்கு அந்நாள்களில் வருவாய் குன்றாதபடி தரம் பிரித்தல், அடைத்தல் முதலிய பணிகளை அளிப்பது ஆலையாரின் கடமையாம்.

ஆறாவது, கொடுத்த வாக்கும் பெற்ற வாக்கும். கப்பலில் வந்துகொண்டிருக்கும் கொட்டை கையிருப்பு ஆகாது. ஆயினும் அதனை மறந்துவிட்டால் கணினி மீண்டும் ஒருமுறை வாங்கச் சொல்லும். ஆதலால், வர வேண்டியதை அது வரும் நாளோடு எழுத வேண்டும். அவ்வாறே, விலை பேசி இன்னும் அனுப்பாத டின்கள் கிடங்கில் நின்றாலும் அவை வேறொருவர்க்கு உரியன. அவற்றைக் கொடுக்க வேண்டியதாகக் குறிக்காவிடில், ஒரே சரக்கை இருவர்க்கு வாக்களிக்க நேரும்.

ஏழாவது, தேவைப் பட்டியலும் தேறும் அளவும். ஒரு டின் பருப்புக்கு வேண்டிய பொருள்கள் யாவை, ஒவ்வொரு நிலையிலும் கழிவது எவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் ஆகும் காலம் எத்தனை நாள் என்பவற்றையும் கணினிக்குக் கூற வேண்டும். தானியங்களைக் குற்றினாலும் அரைத்தாலும் எவ்வளவு தேறும் என்பதைப் பண்டசாலைத் தலைவன் அறிந்திருக்க வேண்டும் என்று கௌடிலியரின் அருத்தசாத்திரமே விதித்துள்ளது. இவ்வளவுகள் பெரும்பாலும் ஏட்டில் இரா. பல்லாண்டு வேலை செய்தோர் நெஞ்சில் இருக்கும். இந்த நாட்டுக் கொட்டையில் உடைசல் மிகுதி, மழைக்காலத்தில் போர்மாவில் ஒருநாள் கூடுதலாக வேண்டும் என்பனபோன்ற செய்திகளை ஆலையில் மூத்த பெண்களே நன்கு அறிவர். அவர்களைக் கேளாது எழுதிய பட்டியல் ஆலைக்குப் பொருந்தாது. உடைந்த பருப்பும், எண்ணெய் எடுக்கவும் எரிக்கவும் பயன்படும் ஓடும் விலை உடையன. அவற்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இவையெல்லாம் எழுதி முடித்தபின் உடனே கணினியை நம்பிவிடுதலும் கூடாது. கடந்த திங்களில் நடந்து முடிந்த ஒரு வேலையை எடுத்து, அதற்குக் கணினி என்ன விடை கூறுகின்றது என்று பார்க்க வேண்டும். நடந்ததற்கும் கூறியதற்கும் வேறுபாடு மிகுந்தால் எங்கோ அளவையோ விகிதமோ பிழைபட்டிருக்கின்றது. சில வாரங்கள் பழைய ஏடும் புதிய கணினியும் அருகருகே நடக்கட்டும். பின்னர் ஏட்டை மூடலாம்.

தொடக்கத்தில் ஒருமுறை எண்ணிவிட்டால் போதும் என்று அமைதல் தவறு. விலைமிக்க பொருள்களை அடிக்கடியும் ஏனையவற்றை இடைவெளி விட்டும், நாள்தோறும் சிலவாகச் சுழற்சி முறையில் எண்ணிவர வேண்டும். நூறு பொருள்களை எண்ணினால் குறைந்தது 95 பொருள்களுக்கேனும் ஏடும் எண்ணிக்கையும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது இத்துறையில் வழங்கும் அளவுகோல். மாறுபாடு கண்டால் எண்ணைத் திருத்துவதோடு நில்லாமல், அஃது ஏன் நேர்ந்தது என்று ஆராய வேண்டும். சீட்டு எழுதாமல் மூட்டை எடுத்தனரா? தராசு பழுதா? மழைநீர் புகுந்ததா? காரணம் அறிந்து நீக்காவிடில் அதே பிழை அடுத்த திங்களும் தோன்றும்.

இப்பணியில் மக்கள் மனத்தைத் தடுமாறச் செய்யும் ஓர் இடம் உண்டு. எண்ணும்போது குறை வெளிப்பட்டால், பழி தம்மேல் வருமோ என்று காப்பாளர் அஞ்சுவர். அவ்வச்சத்தால், எண்ணிய 95 ஐ மறைத்து, ஏட்டில் கண்ட 140 ஐயே எழுதிவிடத் தோன்றும். ஆலைத் தலைவர் அந்த அச்சத்தை முன்னரே போக்க வேண்டும். தொடக்க இருப்பு எடுக்கும் நாள் குற்றம் காணும் நாளாக அமைதல் கூடாது. உள்ளதை அறியும் நாளாக அமைய வேண்டும். ஏட்டிற்கு இணங்க எண்ணிக்கையை மாற்றுவோர் தம்மையும் ஏமாற்றித் தம்மை நம்பியோரையும் ஏமாற்றுவர். 95 என்று இன்றே எழுதினால் 30 மூட்டை வாங்க வழி உண்டு. வணிகர்க்கு மறுநாள் சொல்லவும் காலம் உண்டு. 140 என்று எழுதினால் அவ்வழிகள் எல்லாம் அடைபட்டுவிடும்.

சிதறால் மலைக் கல்வெட்டைப் பொறித்தோர் கணினியை அறியார். தம் காலத்து உளியையும் பாறையையும் கொண்டு, கொடுத்த பொருளையும் கொடுத்தவரையும் ஆண்டையும் பதிவு செய்தனர். எழுதும் கருவி மாறிவிட்டது; எழுதுவோர் கடமை மாறவில்லை. மலைமேல் அக்கல்லைக் காணும் மாணவர், இறங்கி வரும் வழியில் ஆலைக்குச் செல்லும் பெண்களையும் காண்பர். அவர்கட்கு நாளை வேலை உண்டா என்பது, இன்று யாரோ ஒருவர் கிடங்கில் நின்று மெய்யாக எண்ணி எழுதும் ஓர் எண்ணைப் பொறுத்திருக்கின்றது. அவ்வெண்ணை எழுதும் பொறுப்பு அம்மாணவர்க்கும் ஒருநாள் வரக்கூடும்.